ஒலிப்பதிவில் இருந்த பதினொரு ஓம்

ஐயா, அம்மணி,

நமது வங்கிக் கிளையின் அட்டை முறைப்பாட்டு மேசை இவ்வாண்டுடன் அகற்றப்படுகிறது என்றும், இனிமேல் வாடிக்கையாளர் தொலைபேசியில் ஓர் இயந்திரக் குரலிடமே முறையிட வேண்டும் என்றும், அக்குரல் கேட்பவற்றுக்கு "ஓம்" அல்லது "இல்லை" என்று மட்டும் விடையளித்தால் போதுமானது என்றும் அறிவித்திருந்தீர்கள். அம்மேசையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் என் அனுபவத்தைப் பிரிவு உபசார இதழுக்கு எழுதித் தருமாறும் கேட்டிருந்தீர்கள். கேட்டமைக்கு நன்றி. இனிமையான கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பீர்கள். அவ்வாறு எழுத இரண்டு தடவை முயன்றேன். "ஓம் அல்லது இல்லை" என்ற அந்த வரியைத் தாண்டி என் பேனா நகர மறுத்தது. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

என் கல்வியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாட்டு நிலைமையால் பள்ளிக்கூடம் இடையில் நின்றது. வங்கியில் சிற்றூழியனாகச் சேர்ந்து தேநீரும் கோப்புகளும் சுமந்தேன். குப்பைக் கூடைக்குப் போகவிருந்த சுற்றறிக்கைகளை வீட்டுக்குக் கொண்டுசென்று, ஒரு பழைய அகராதியின் துணையோடு ஆங்கிலம் கற்றேன். எழுதுவினைஞனாகப் பதவி உயர்ந்த காலத்தில்தான் அட்டைகள் வந்தன. அட்டைகளைத் தொடர்ந்து முறைப்பாடுகளும் வந்தன. அம்மேசையில் இருப்பவரை முற்பகலில் வாடிக்கையாளர் ஏசுவார்கள். பிற்பகலில் கொழும்பு அட்டை நிலையம் ஏசும். எவரும் விரும்பாத அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

ஏமாற்றுக்காரரை நான் அறிவேன். போலிக் கையெழுத்து இட்டவரையும், இறந்தவரின் கணக்கில் பணம் எடுக்க வந்தவரையும் கண்டிருக்கிறேன். அவர்களிடம் ஓர் அச்சமாவது இருந்தது. இணையச் சந்தாக் கம்பனிகளிடம் அதுவும் இல்லை. அவை முதலில் இலவசம் என்னும். இலவசத்துக்கு எதற்காக அட்டை இலக்கம் என்று நம்மவர் கேட்பதில்லை. நம்மிடையே ஒருவர் சும்மா தருகிறேன் என்றால் அது சும்மாவேதான். மூன்று நாளோ ஏழு நாளோ கழியும். அதன்பின் வாராவாரம், மாதாமாதம், எவரும் கவனிக்காத அளவிலே எடுக்கத் தொடங்கும். சேர்வதற்குரிய பொத்தான் உள்ளங்கை அளவு பெரிதாக இருக்கும். விலகுவதற்குரிய பொத்தானை, ஆங்கிலம் கற்றவன் என்று பெருமைப்பட்ட நானே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடியிருக்கிறேன். செயலியைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சனங்கள் நம்பினார்கள். அழிந்தது திரையிலிருந்த சின்னம் மட்டுமே. சந்தா உயிரோடு இருந்தது. வங்கி மாதாமாதம் அனுப்பும் கணக்குக் கூற்றில் அச்செயலியின் பெயர்கூட வராது. எங்கோ உள்ள வேறொரு பெயரே வரும்.

ஏறாவூர்த் துணி வியாபாரி ஒருவர், எல்லாரும் ஹாஜியார் என்று அழைக்கும் பெரியவர், ஒரு நாள் கூற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சேர், ஆரு இவன்? இவன்ட பேரை வாசிக்கவே வாய் ஒத்துக்குதில்ல. கொழும்பில எனக்குத் துணி தாற எல்லாரையும் எடுத்து ஏசிப்போட்டன். ஒருத்தனும் இவனைத் தெரியாதாம். நான் இவனுக்கிட்ட ஒரு முழம் துணி எடுத்திருந்தாத்தானே இவன் எனக்கிட்ட எடுக்கலாம்?"

"ஹாஜியார், போனில ஏதும் புதுசாப் போட்டீங்களா?"

"நான் என்னத்தைப் போட? சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னார். எத்தனை எட்டு நடக்கிறன் எண்டு எண்ணுற ஒண்டைப் போட்டன். அது சும்மா."

"எத்தனை நாள் நடந்தீங்க?"

அவர் சற்று வெட்கப்பட்டார். "நாலு நாள்."

கூற்றைத் திருப்பி வைத்து, பத்து மாதமாகக் கழிக்கப்பட்ட தொகைகளையும் கோடிட்டுக் காட்டினேன். ஹாஜியார் கோடுகளை விரலால் எண்ணினார்.

"என்ட காலு. என்ட ரோட்டு. காசு அவனுக்கா?" என்றவர், கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "நான் நாலு நாள் நடந்தன் சேர். அவன் பத்து மாசமா என்ட கணக்குக்குள்ள நடக்கிறான்!"

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காலத்தில் எனக்கு அது சிரிப்பாகவே இருந்தது என்பதை இன்று வெட்கத்துடன் எழுதுகிறேன்.

நடைமுறை பின்வருமாறு. வாடிக்கையாளர் தமக்குரியதல்ல என்று காட்டும் கழிவுகளின்கீழ், கூற்றில் அடிக்கோல் வைத்துக் கோடிடுவேன். பழைய அட்டையை அவர் கண்முன்னே வெட்டுவேன். ஆங்கிலப் படிவத்தை நானே நிரப்பி, தமிழில் வாசித்துக் காட்டி, கையெழுத்துப் பெறுவேன். கடைசியாக, மேசையிலிருந்த தொலைபேசியில் கொழும்பு அட்டை நிலையத்துக்கு அழைப்பு எடுத்து வாடிக்கையாளரிடம் கொடுப்பேன். அவர்கள் பேசுவது ஒலிப்பதிவாகும். அவ்வேளையில் நான் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

இவ்விடத்தில்தான் இடர்ப்பாடு இருந்தது. கொழும்பில் பேசுபவர் பெயரைக் கேட்பார், அடையாள அட்டை இலக்கத்தை வாசித்துச் சரியா என்பார், முகவரியை வாசித்துச் சரியா என்பார். நம்மவர் அறிமுகமற்ற குரலுக்கு அஞ்சி வாயடைத்து நிற்பர். அங்கிருப்பவர் மூன்று முறை "ஹலோ" என்றுவிட்டு இணைப்பைத் துண்டிப்பார். ஆகவே, அழைப்புக்கு முன்பே நான் ஒரு புத்திமதி சொல்லி வந்தேன். "பயப்படாதீங்க. என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லுங்க." ஆண்டுக்கணக்காக, நூற்றுக்கணக்கானோரிடம் இதைச் சொன்னேன். நன்மை செய்கிறேன் என்றே நம்பினேன்.

தவமலர் என்பவர் வாகரைக்கும் அப்பாலுள்ள கரையோரக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கணவர் கட்டார் நாட்டில் குளிரூட்டி பொருத்தும் வேலையில் இருந்தார். கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது, கணவர் முதலாமவர். அட்டை தவமலரிடம் இருந்தது.

சுனாமியன்று கடல் வந்தபோது தவமலரின் தாயாரும் வீடும் ஒன்றாகப் போயிருந்தன. வீட்டிலிருந்த படம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் தாயாரின் அடையாள அட்டை விண்ணப்பப் பிரதி ஒன்று கிராம சேவகரின் பழைய கோப்பில் அகப்பட்டது. அதில் நகமளவு படம். பழைய படத்தைப் பெரிதாக்கிப் புதிதாக்கித் தருவோம், மூன்று நாள் இலவசம் என்ற விளம்பரத்தைத் தொலைபேசியில் கண்டு, அவர் அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட்டார்.

"படம் நல்லா வந்திச்சா?" என்று கேட்டேன்.

"வந்திச்சு ஐயா. ஆனா அது எங்கட அம்மா இல்ல. வெள்ளக்காரியப் போல ஒரு பொம்புள, பல்லுக்காட்டிச் சிரிக்கிறா. எங்கட அம்மா படத்துக்குச் சிரிச்சதே இல்ல. அண்டைக்கே போனில இருந்து அழிச்சிட்டன்."

அழித்த பின்பு வாராவாரம் கழிவு நடந்தது. கூற்றில் வந்த பெயர், வாசிப்பவருக்கு வெளிநாட்டு ஆண் ஒருவரின் முழுப்பெயர் போலவே தோன்றும். கட்டாரிலிருந்து கணவர் தமது தொலைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே ஆணின் பெயர்.

"'ஆரு இவன், எத்தனை நாளாப் பழக்கம்?' எண்டு கேக்கிறார் ஐயா. மாமியும் கேக்கிறா. நான் சத்தியம் பண்ணிட்டன். எனக்குக் காசு வேணாம். அது ஒரு ஆள் இல்ல, கம்பனி எண்டு ஒரு கடதாசி தாங்க. அது போதும்."

"காசும் வரும், கடதாசியும் வரும் புள்ள. ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்" என்றேன். அழைப்பை எடுத்தேன். வழமைபோல, என்ன கேட்டாலும் ஓம் என்று சொல்லச் சொன்னேன். அவர் இரண்டு கைகளாலும் தொலைபேசியைப் பற்றிக்கொண்டு ஓம், ஓம் என்றார். நான் அடுத்தவரின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களில் கொழும்பின் கடிதம் வந்தது. முறைப்பாடு நிராகரிக்கப்பட்டிருந்தது. "குறித்த கொடுப்பனவுகளுக்குத் தாமே அனுமதி வழங்கியதை வாடிக்கையாளர் பதிவுசெய்யப்பட்ட உரையாடலில் உறுதிப்படுத்தியுள்ளார்." எதற்கான கொடுப்பனவு, எக்கம்பனிக்கு என்ற ஒரு சொல்லும் அதில் இல்லை. பிரதி, கணக்கின் முதலாமவர் என்ற முறையில், மின்னஞ்சலில் கணவருக்கும் சென்றது.

தவமலர் வந்து அக்கடிதத்தை என் மேசையில் வைத்தார். அமரவில்லை.

"நீங்கதானே ஐயா ஓம் எண்டு சொல்லச் சொன்னீங்க?"

கடிதத்தைக் கையில் எடுத்தேன்.

"இதை அவர் போனில வாசிச்சார். 'வங்கியே சொல்லுது, நீ ஒத்துக்கிட்டாயாம். இனி என்ன சத்தியம்?' எண்டார்."

"மறுகா, அதுக்குப் பிறகு?"

"மறுகா என்ன? போனை வெட்டிட்டார். லீவு எடுத்து வாறாராம். எங்கட அண்ணன்மாரையும் கூப்பிட்டு வச்சுக் கதைக்கப் போறாராம்."

எங்கள் உதவி முகாமையாளர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அம்மையார். பேனாவால் ஒருபோதும் திருத்தமாட்டார். கூர்மையாகச் சீவிய பென்சில்தான். மறுக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டே மறுப்பார். அநியாயக்காரர் அல்லர். அநியாயக்காரராக இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவரை ஏசிவிட்டு வந்திருப்பேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கண்ணாடியை மடித்தார்.

"நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா கடதாசியிலை அது இல்லையே. கொழும்பு அனுப்பின ஆங்கிலப் பிரதியிலை பதினொரு தரம் 'யெஸ்' எண்டு எழுதியிருக்கு."

"அவ 'யெஸ்' எண்டு ஒருக்காலும் சொல்லயில்ல அம்மா. அவவுக்கு அந்தச் சொல்லே வராது. ஒலிப்பதிவைக் கேக்கவேணும்."

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு. இந்தக் கிளையிலை ஒருத்தரும் இதுவரைக்கும் நிரப்பேல்லை."

"நான் நிரப்புறன்."

நிரப்பினேன். என் ஆங்கிலத்தில் இரண்டு இடங்களைப் பென்சிலால் திருத்தி ஒப்பமிட்டார்.

ஒலிப்பதிவு வந்த அன்று அவர் அறையின் கதவைச் சாத்தச் சொன்னார். மின்விசிறியின் சத்தம் குரலை மறைத்ததால் அதையும் நிறுத்தினார். நான் நின்றுகொண்டிருந்தேன். "இருங்கோ" என்றார். அவ்வறைக்குள் தேநீர் கொண்டுசென்ற நாள் முதல் அக்கதிரையில் நான் அமர்ந்ததில்லை. அமர்ந்தேன்.

இவ்விடத்தில் நம்மூர்ப் பேச்சை அறியாதவர்களுக்காக ஒன்று கூறவேண்டும். நமது ஓம் இரண்டு வேலை செய்கிறது. குறுகி வெட்டி விழுவது சம்மதம். நீண்டு இழுபட்டு எழுவது, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பது. ஒருவர் பேசும்போது அவ்வாறு ஓம் கொட்டாமல் இருப்பது மரியாதைக்குறைவு. இழவுச் செய்தி சொல்பவருக்கும் ஓம், ஓம் என்றே கேட்கிறோம். இழவுக்குச் சம்மதித்தோம் என்றா அதற்குப் பொருள்?

கொழும்பிலிருந்த பெண்ணின் குரல் விரைவாகவும் இனிமையாகவும் ஓடியது. பெயர், இலக்கம், முகவரி. தவமலரின் ஓம்கள் குறுகி விழுந்தன. அம்மையார் ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு நேர்கோடு இட்டார். பின்னர் அந்த நீண்ட கேள்வி வந்தது.

"நீங்க இந்த சேவைக்காக உங்க அட்டை இலக்கத்தை நீங்களே கொடுத்திருக்கீங்க..." என்று மூச்சு வாங்கியது குரல்.

"ஓ...ம்."

"...அதுக்கப்புறம் வர்ற கட்டணங்களையும் அனுமதிச்சிருக்கீங்க..."

"ஓ...ம்."

"...அப்படித்தானே?"

இதற்கு விடையே இல்லை. கேள்வி முடிவதற்கு முன்பே இரண்டு ஓமும் விழுந்துவிட்டன. கேள்வி முடிந்தபின் இருந்தது வெறும் மூச்சு மட்டுமே. அம்மூச்சுக்குக் காத்திராமல் கொழும்பு அடுத்ததற்குப் போய்விட்டது. அம்மையார் மீண்டும் ஓடவிட்டார். அவ்விரண்டுக்கும் வளைகோடு இட்டார். மூன்றாம் முறை ஓடவிட்டபோது, கொழும்புக் குரல் மூச்சு வாங்கிய அதே இடத்தில், அம்மையார் தம்மையறியாமலே "ஓம்" என்றார்.

பென்சில் அந்தரத்தில் நின்றது.

"நானும் சொல்லுறன், என்ன?"

"ஓம் அம்மா."

"இப்ப நீங்கள் சொன்னது எந்த ஓம்?"

"இது நேர்கோடு அம்மா."

அவர் சிரிக்கவில்லை. வாயோரம் மட்டும் அசைந்தது. ஒலிப்பதிவின் முடிவில் தவமலர், "அந்தக் கடதாசி எப்ப தருவீங்க பிள்ள?" என்று கேட்டார். "அழைத்தமைக்கு நன்றி" என்ற குரலோடு இணைப்பு அறுந்தது. எழுத்துப் பிரதியில் அக்கேள்வி இடம்பெறவில்லை. பதினொரு யெஸ்ஸும் ஒழுங்காக எண்ணி எழுதத் தெரிந்த கைக்கு, அப்பெண் வாய்திறந்து கேட்ட ஒரேயொரு கேள்வியை எழுதத் தோன்றவில்லை. அன்று எனக்கு எழுந்த கோபம் இன்றும் இறங்கவில்லை.

அப்போதுதான் அம்மையாரிடம் உண்மையைச் சொன்னேன்: ஓம் சொல்லும்படி சொல்லிக்கொடுத்தவன் நானே என்று.

"அதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"பயம் அம்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றப் போனார். கழற்றவில்லை. "எழுதுங்கோ. அதையும் சேத்து எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன். அவர் தமது குறிப்பையும், நேர்கோடும் வளைகோடும் இட்ட அந்தத் தாளையும் இணைத்து அனுப்பினார். விடை வந்தது. எடுக்கப்பட்ட பணம் "நல்லெண்ண அடிப்படையில்" மீள வழங்கப்படும். முன்னைய கடிதம் மீளப்பெறப்படமாட்டாது. வாடிக்கையாளருக்கு விடை சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை. எச்சரிக்கை எனக்கு உரியதே. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை.

தவமலரை அழைத்து வாசித்துக் காட்டினேன்.

"நல்லெண்ணம் எண்டா என்ன ஐயா?"

"பாவம் பாத்துத் தாறாங்க எண்டு வச்சுக்கொள்ளுங்க."

"அப்ப நான் பிழை செய்தனான், பாவம் பாத்து விட்டுட்டாங்க எண்டுதானே அவர் நினைப்பார்?"

படிக்காத சனம் என்று கொழும்பில் சொல்வார்கள். அக்கடிதத்தை அவரைவிடச் சரியாக வாசித்தவர் எவருமில்லை.

அன்று நண்பகல் அம்மையார் தமது கைப்பையை எடுத்துக்கொண்டு, "நான் சாப்பிடப் போறன். அறை திறந்துதான் கிடக்கு. எனக்கொண்டும் தெரியாது" என்று சொல்லி வெளியேறினார். அவ்வறையிலிருந்து தவமலரின் தொலைபேசியில் கட்டாருக்கு அழைத்தோம். நான் என்னை அறிமுகம் செய்து, அப்பெயர் ஓர் ஆளுடையது அன்று, கம்பனியுடையது என்றேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். ஒலிப்பதிவைப் பற்றிச் சொன்னேன். மறுபுறத்தில் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. அவர் ஓர் ஓம்கூடக் கொட்டவில்லை. நம்மூரில் அதைவிடக் கடுமையான மறுப்பு இல்லை. நான் வெறுஞ்சுவரோடு பேசுபவன்போல முழுவதையும் பேசி முடித்தேன்.

அதன்பின் அவர் ஒன்று கேட்டார். "நீங்க சொல்லித்தானா ஐயா அவ எல்லாத்துக்கும் ஓம் எண்டவ?"

"ஓம் தம்பி. நான் சொல்லித்தான். பிழை என்ட."

"போனை அவக்கிட்டக் குடுங்க."

கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். தவமலர் வெளியே வந்தபோது முகம் கழுவினதுபோல் நனைந்திருந்தது. "லீவு எடுக்கல்லயாம் ஐயா" என்று மட்டும் சொன்னார். வாகரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

இதை எழுதுவதற்கு முன் அவரைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் கதையை எழுதலாமா, பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். கணவர் ஒழுங்காகப் பணம் அனுப்புகிறாராம். போன வருடம் வந்தும் போனாராம். "ஆனா எங்களுக்குள்ள எப்ப சண்டை வந்தாலும் அந்தக் கடதாசியத்தான் எடுக்கிறார் ஐயா. போனில வச்சிருக்கார். அழிக்கிறார் இல்ல." பெயரைப் பற்றிச் சொல்லும்போது குரல் உயர்ந்தது. "மாத்த வேணாம். என்ட பேரைப் போட்டே எழுதுங்க. அவங்கட கடதாசியில என்ட பேர் இருக்குத்தானே."

அந்தக் கம்பனி இன்றும் வேறு யாரோ ஒருவரின் தாயாரை வெள்ளைக்காரியாக்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்த என்னாலும் உங்களாலும் ஆகாது. ஆனால் வாய் திறந்து உண்மை சொன்ன ஒரு பெண்ணைப் பார்த்து, நீ ஒப்புக்கொண்டாய் என்று நம்முடைய கடிதத் தாளில், நம்முடைய முத்திரையோடு எழுதியவர்கள் நாம். அது இன்னும் மீளப்பெறப்படவில்லை. அவர் முதல் நாளே கேட்ட கடதாசி இன்னும் கொடுபடவில்லை.

அதை எழுத, மேசையை விட்டுவிட்ட எனக்கு இப்போது அதிகாரம் இல்லை, இருந்தபோது எழுதவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். வாகரை தவமலரின் அட்டையிலிருந்து வாராவாரம் பணம் எடுத்தது ஒரு கம்பனி. எந்த ஆணும் அல்லன். அதற்கு அவர் ஒருபோதும் சம்மதிக்கவில்லை. ஒலிப்பதிவைக் காதால் கேட்டவன் நான்.

இதழில் இடமில்லாவிட்டாலும் குறையில்லை. இக்கட்டுரையின் ஒரு பிரதியைத் தவமலருக்கு அனுப்பி, மூலத்தை அவருடைய கோப்பில் அக்கடிதத்துக்கு மேலாக வைத்திருக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.